முனிகுடா வரைக்கும் ஒரு பாட்டு

எங்களை உற்சாகப்படுத்துவதற்கென்று மதுரையில் ஒரு குழு இருந்தது. நானும் என் கணவரும் ஒடிசாவில் ஊழியம் செய்கிறோம். முனிகுடா என்ற ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் மலையேறிப் போக வேண்டிய ஊர். நான் நர்சு படித்தவள். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் அந்த மக்களின் குவி மொழியில் பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் எழுதுகிறார், சாயங்காலம் பாடம் நடத்துகிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துகிறார். இப்படி வேற்று மாநிலத்தில், வேற்று மொழியில் வேலை செய்கிறவர்களுக்குச் சோர்வு வரும் என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சோர்வு வருவதற்கு முன்பே அதற்கான மருந்து பார்சலில் வந்துவிடும்.

பார்சலில் மாங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் புத்தகங்களும் இருக்கும். புத்தகங்கள் எல்லாமே, ஊழியத்தில் சோர்ந்துபோகாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றியவை. ஒருமுறை ஊறுகாய் பாட்டில் வழியில் உடைந்து எண்ணெய் முழுவதும் புத்தகங்களில் இறங்கிவிட்டது. நாங்கள் அவற்றை வெயிலில் காயவைத்துப் படித்தோம். இன்றைக்கும் சோர்வு என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

குல்லாய்களும் வரும். மலை என்றால் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குளிரும்தான். ஆனால் ஒரு தலைக்கு ஒரு குல்லாய்தான் போட முடியும். ஊரில் எல்லாருக்கும் கொடுத்து, ஜீப் டிரைவருக்கும் கொடுத்து, மீந்ததில் நான் மருந்துப் பாட்டில்களைச் சுற்றி வைத்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை புத்துணர்வு முகாம் நடக்கும். விடியுமுன் மணி அடித்து எழுப்பி, ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் தேவசெய்தி கொடுப்பார்கள். ஓய்வின் அவசியத்தைப் பற்றி ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் பேசினார். அந்த முகாமிலிருந்து திரும்பினால் எங்களால் ஒரு வாரம் எழுந்து நடமாட முடியாது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. தங்கள் வீட்டுச் செலவைச் சுருக்கி எங்களுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். ஆனால் அந்த வருஷம் மே மாத விடுமுறைக்கு மதுரைக்கு வந்தபோது எனக்குத் தேவைப்பட்டது உற்சாகம் இல்லை. என் மகளிடம் ஒரு கேள்வி கேட்டு, உண்மையான பதில் வாங்க வேண்டும். அதற்கு அவளோடு கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. நாங்கள் ஒடிசாவுக்குப் போகும்போது அவளுக்கு ஆறு வயது. அப்போது அந்த மலையில் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் ஒன்றில் விட்டுவிட்டுப் போனோம். விடுமுறைக்கு நாங்கள்தான் மதுரைக்கு வருவோம். அவள் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. இப்போது அவள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். எங்கள் மலையடிவாரத்தில் ஆங்கில வழிப் பள்ளிக்கூடம் ஒன்று வந்துவிட்டது. தார் ரோடு போட்டு, பள்ளி வண்டியும் மேலே வரத் தொடங்கிவிட்டது. அவள் எங்களோடேயே இருந்து படிக்கலாம். அல்லது பழகிய ஹாஸ்டலிலேயே இருக்கலாம். வார்டன் அக்கா நல்லவர். ஆனால் காத்திருப்பில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளி திறப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடும்படி கேட்டிருந்தார்.

போனில் மகளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றாள். திரும்பக் கேட்டாலும் அதே பதில்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அம்மாவை "நீ" என்றுதான் கூப்பிடும். இவள் என்னை "நீங்க" என்பாள், வார்டனைச் சொல்வது மாதிரி, வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வது மாதிரி. மரியாதையான பிள்ளை என்று எல்லாரும் பாராட்டினார்கள். நான் அந்தப் பாராட்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் விடுமுறை யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிற சபை மூப்பர் ஒருவர்தான் ஊக்கக் குழுவின் தலைவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். பட்டறைக்கு மேலே உள்ள அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். கீழே இரும்பைக் கடைகிற சத்தம், மேலே விமானம் இறங்கும் சத்தம், நடுவில் நாங்கள். அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் லேசாகச் சமாளித்திருக்கலாம். தினமும் காலையில் கறியோ மீனோ வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். கூடவே அன்றைக்குப் போக வேண்டிய சபையின் பெயரையும் சொல்வார்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்கோமே" என்று நான் சொன்னேன்.

"வீட்டுல இருந்தா சோர்வு வந்துரும் தங்கச்சி. நாலு பேரப் பாத்தாத்தான் தெம்பு" என்றார்.

என் கணவரைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லக்கூடிய மனிதர். மலையில் அது நல்ல குணம். மதுரையில் அது எங்களை அனுப்பானடி முதல் உசிலம்பட்டி வரைக்கும் சுற்ற வைத்தது.

ஒவ்வொரு சபையிலும் நடைமுறை ஒன்றுதான். பாட்டு, ஜெபம், பிறகு எங்கள் ஊழியத்தைப் பற்றிய சாட்சி. முதலில் அவர் பேசுவார், பிறகு நான். நான் பேசும்போது ஓர் இடம் வரும். "எங்களுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையையும் ஆண்டவருக்குன்னு குடுத்துட்டோம்" என்பேன். அந்த இடத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும். முதல் வருஷம் அதை நான் அழுதுகொண்டே, தெரியாத்தனமாகச் சொன்னேன். அடுத்த வருஷம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று அண்ணன் நினைவூட்டினார். பிறகு அது அந்த இடத்திலேயே நிலைத்துவிட்டது. மகள் எப்போதும் முதல் வரிசையில், சீப்பு அழுந்த வாரிய தலையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

கூட்டம் இல்லாத ஒரு காலையில், செருப்பு வாங்க வேண்டும் என்று சொல்லி அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனேன். ஹாஸ்டல் பிள்ளைகள் வழக்கமாக வாங்கும் கடை. கடைக்கார பாய் அவளை நன்றாக அறிந்து வைத்திருந்தார்.

"என்ன பாப்பா, அம்மா வந்துட்டாங்களா? நாந்தான் சொன்னேன்ல, இன்ஷா அல்லாஹ், மே மாசம் வந்துருவாங்கன்னு" என்றார்.

அவள் அவரிடம் வாய்விட்டுச் சிரித்தாள். செருப்பு எப்படி இருக்க வேண்டும், வார் எங்கே அழுத்துகிறது என்றெல்லாம் விவரமாகச் சொன்னாள். என்னிடம் இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. செருப்புக் கடைக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்றும் இருந்தது.

கடையை விட்டு இறங்கி, வண்டிகள் இரைகிற முக்கில் ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன். போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி, கோரிப்பாளையத்துலதான இருக்கீங்க? பக்கத்துலதான் நம்ம சிஸ்டர் வீடு. ஒரு எட்டு போய் ஜெபம் பண்ணிட்டு வந்துருங்க. அவங்க உங்களுக்காக அம்புட்டு பாரத்தோட ஜெபிக்கிறவங்க."

போனோம். அந்த அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் ஜெப அட்டை ஒட்டியிருந்தது. குடும்பப் போட்டோவை லேமினேட் செய்து, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று அச்சடித்து ஊக்கக் குழு எல்லா வீடுகளுக்கும் கொடுத்தது. போட்டோவில் மகளுக்கு ஆறு வயது, முன்பல் கிடையாது. அந்த அம்மா அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல இவ இன்னும் பல்லு முளைக்காமத்தான் இருக்கா" என்றார். "தினம் பால் எடுக்கையில இவ மூஞ்சியில முழிச்சிட்டுத்தான் கதவத் திறப்பேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த ஆறு வருஷமும் என் மகளின் முகத்தைத் தினமும் பார்த்தவர்கள் மதுரையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். நான் அதில் இல்லை. ஜெபம் முடிந்து, கேசரி சாப்பிட்டு, வெளியே வந்தபோது அண்ணனின் வேன் எங்களைக் கூட்டிப் போக நின்றுகொண்டிருந்தது. கேள்வி என்னிடமே இருந்தது.

இப்படியே மே மாதம் கரைந்தது. வார்டன் அக்கா ஒருமுறை போன் செய்து, "ஒண்ணும் அவசரமில்ல. ஆனா சொல்லிருங்க" என்றார். அவசரம் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. அவளைக் கேட்காமல் கூட்டிப் போனால், ஆறு வயதில் கேட்காமல் விட்டது மாதிரியே இதுவும் ஆகிவிடும். விட்டுவிட்டுப் போனால் அவள் பத்தாவது முடிக்கும்போது எனக்கு இன்னும் நல்ல மரியாதை கொடுக்கக்கூடும்.

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். நான் பிறந்தது அந்தப் பக்கம்தான். என் தாய் தகப்பன் அந்தக் கரிசலில் பருத்தி எடுத்த கூலிக்காரர்கள். சபை சின்னது, மேலே தகரம். சாயங்காலம் ஆன பிறகும் தகரம் சூட்டை விடவில்லை. எங்கள் உறவுக்காரர்கள், அதில் கோவிலுக்குப் போகிறவர்களும் கூட, ஊர்ப் பிள்ளை வந்திருக்கிறது என்று வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பேசினார். நான் பேசினேன். வழக்கமான இடம் வந்தது, சொன்னேன், கைக்குட்டைகள் வந்தன. அடுத்தது ஜெபம் என்று நான் கண்ணை மூடப்போகும்போது அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"இப்ப நம்ம மிஷனெரியோட மகள், அவங்க பணித்தளத்து மொழியில ஒரு பாட்டுப் பாடுவாங்க. எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்துங்க."

மிஷனெரி பிள்ளை என்றால் மேடையில் பாட வேண்டும். இது எங்கள் வட்டாரத்தில் எழுதாத சட்டம். போன வருஷங்களில் தமிழில் ஒரு கோரஸ் பாடி ஒப்பேற்றிவிட்டாள். இந்தத் தடவை பணித்தள மொழியில் என்று அண்ணனாகவே முடிவு செய்திருந்தார். அவளுக்குக் குவி மொழியில் தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாது. அந்த மொழி பேசும் ஒரு ஆளைக்கூட அவள் பார்த்ததில்லை. நான் எழுந்து, "அண்ணே, அவளுக்கு..." என்று தொடங்கினேன். கைதட்டல் என்னை அமுக்கிவிட்டது. அதற்குள் அவள் மேடையேறி மைக்கை வாங்கிவிட்டாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். மெதுவான ராகத்தில் பாடினாள்.

"ராயகடா... ராயகடா... தேருபாலி, பாலுமஸ்கா... பிஸ்ஸம் கட்டக்... முனிகுடா... முனிகுடா..."

முதல் வரியில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் தடவை பாடும்போது புரிந்தது. எங்கள் ரயில் போகும் வழியில் உள்ள ஸ்டேஷன்கள், வரிசை மாறாமல். பார்வதிபுரத்தை விட்டுவிட்டாள். சிங்கப்பூர் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு, அதையும் விட்டுவிட்டாள். அந்த இரண்டையும் பாடினால் பேரையூரில் பிடித்துவிடுவார்கள் என்று யோசித்திருக்கிறாள். பிஸ்ஸம் கட்டக் வரும் இடத்தில் ராகம் கொஞ்சம் துள்ளியது; பின்னால் ஒருவர் அதற்கு மேசையில் தாளம் போட்டார். முனிகுடா வந்ததும் குரல் இறங்கி, நின்று, திரும்ப ராயகடாவிலிருந்து தொடங்கியது. முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தார்.

பாட்டு முடிந்தது. ஆமென் என்றார்கள். அல்லேலூயா என்றார்கள். அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு, "மொழி புரியல. ஆனா ஆவி ஒண்ணுதான்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்களே இதோட அர்த்தத்தச் சொல்லிருங்க" என்று மைக்கை நீட்டினார்.

என் கணவருக்குப் பொய் வராது. வாயில் வைத்தாலும் துப்பிவிடும் ஜாதி. மைக்கை வாங்கிக்கொண்டு அவர் மகளைப் பார்த்தார். அவள் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இது ஒரு பயணப் பாட்டு" என்றார். "தூரமாப் போறவங்க இப்ப எங்க இருக்காங்க, எங்க இருக்காங்கன்னு, வீட்டுல இருக்கிறவங்க பாத்துக்கிட்டே இருக்கிற பாட்டு."

அதோடு மைக்கை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜனங்கள் அதற்கும் ஆமென் சொன்னார்கள். என் கணவர் மேடையில் விளக்கிய எத்தனையோ காரியங்களில் அதைவிடச் சரியாக எதையும் விளக்கி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது அண்ணனின் வேனில் நாற்காலிகளையும் ஸ்பீக்கரையும் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றேன். அண்ணன் ஆட்சேபித்தார். நான் அவர் பேசி முடிக்கும் முன்பே பஸ் ஏறிவிட்டேன். சபையார் கொடுத்த கடலை மூட்டையோடு என் கணவர் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நானும் அவளும் முன்னால், ஜன்னலோரம். வெளியே காய்ந்த காடு ஓடியது.

"அந்தப் பாட்டு" என்றேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள். பயந்த மாதிரி தெரியவில்லை. "அங்க உள்ள பாட்டு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சதத்தான் பாட முடியும்."

"இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"வார்டன் அக்கா போன்ல ரயில் எங்க போகுதுன்னு காட்டுற ஆப் இருக்கு. நீங்க லீவு முடிஞ்சு கிளம்புனதும் கேட்டு வாங்கிப் பாப்பேன். ஒரு புள்ளி போகும். படிப்பு நேரத்துல மட்டும் தர மாட்டாங்க. அதுக்குள்ள ரெண்டு ஸ்டேஷன் போயிருக்கும்."

"முனிகுடா வரைக்கும் பாப்பியா?"

"முனிகுடாவுல நீங்க இறங்கிருவீங்க. புள்ளி நிக்காது, அது போயிக்கிட்டே இருக்கும். அம்படோலா, நார்லா ரோடு, கேசிங்கான்னு. நீங்க அதுல இல்லன்னு தெரியும். ஆனா அதுக்கப்புறம் உங்களுக்குன்னு பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லயா, அதான் அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டிருப்பேன்."

ஊக்கக் குழு எங்களுக்காக ஜெபச் சங்கிலி என்று ஒன்று நடத்தியது; ஆள் மாற்றி ஆள், மணிக்கணக்கில். அதில் ஒரு நாள்கூட இவள் பெயரைப் போடவில்லை. சின்னப் பிள்ளை என்று விட்டிருப்பார்கள்.

"எங்ககூட வாரியா?" என்று கேட்டேன். "எங்க இஷ்டம்னு சொல்லாத. ஒனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு."

அவள் வெகுநேரம் ஜன்னல் கம்பியைச் சுரண்டினாள். பிறகு, "கேக்கலாமான்னு தெரியல" என்றாள்.

"என்னது?"

"நீங்க ஆண்டவருக்குக் குடுத்துட்டீங்கள்ல. ஸ்டேஜ்ல சொல்வீங்களே. எல்லா சர்ச்சுலயும் சொன்னீங்க. இன்னைக்கும் சொன்னீங்க." அவள் குரல் வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரலாக இருந்தது. "சண்டே ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க, ஆண்டவருக்குன்னு குடுத்தத திரும்பக் கேக்குறது பாவம்னு. நான் வாரேன்னு சொன்னா, அது நானே கேட்ட மாதிரி ஆயிரும்ல? அதுனால உங்களுக்கு அங்க ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

ஆறு வருஷம் அவள் அந்தக் கணக்கைத் தன் தலைக்குள் தனியாகச் சுமந்திருக்கிறாள். போனில் "உங்க இஷ்டம்மா" என்று சொன்னபோதெல்லாம் எங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருக்கிறாள். நான் அழுதேன். மேடையில் அழுவது மாதிரி இல்லை. மூக்கெல்லாம் ஒழுகி, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அழுகை. கைக்குட்டைகூட இல்லை. பின் சீட்டிலிருந்து என் கணவர் கையை நீட்டி என் தோளைத் தொட்டார். கடலை மூட்டை சரிந்து உருண்டது. கண்டக்டர் அதற்கு எங்களைத் திட்டினார்.

அந்த மாதம் கடைசி ஞாயிறு டவுனில் உள்ள பெரிய சபையில் எங்கள் நிகழ்ச்சி. ஊக்கக் குழுவுக்கு அதுதான் முக்கியமான கூட்டம். ஏசி, பெரிய திரை, வீடியோ எல்லாம் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நான் கொடுத்தது மேடையில். திரும்ப வாங்குவதும் மேடையில்தான் நடக்க வேண்டும், அவள் பார்க்கும்படி. இல்லையென்றால் அவள் நம்பமாட்டாள்.

வழக்கமான இடம் வந்தது. மக்கள் கைப்பையைத் திறப்பது மேலே இருந்து தெரிந்தது.

"எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆண்டவருக்குன்னு குடுத்துட்டோம்னு இதே மேடையில சொல்லியிருக்கேன்" என்றேன். "அது அவ கிட்டக் கேக்காம சொன்னது. இப்ப ஆண்டவர்கிட்டக் கேட்டு, அவளத் திரும்ப வாங்கிக்கிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. ஜூன்ல இருந்து எங்ககூடத்தான் இருப்பா."

ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. திறந்த கைப்பைகளைச் சத்தமில்லாமல் மூடினார்கள். ஏசி ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. முதல் வரிசையில் மகள் கைகளை மடியிலிருந்து எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு அங்கிருந்து தெரியவில்லை. பிறகு கேட்டதற்கு, தனக்கும் தெரியவில்லை என்றாள்.

வெளியே அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய ஒரே மகன் துபாயில் இருக்கிறான், பேசி வருஷமாகிறது. அதை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. என்னிடம் கோபமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப பாப்பாவுக்கும் ஒரு குல்லா வாங்கணுமே" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

பேரையூர்க் கூட்டத்தை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவனியாபுரம் சபையின் பெண்கள் ஐக்கியம் அதைப் பார்த்து அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டது. மிஷனெரி ஞாயிறு வந்தால் கஞ்சிரா அடித்து, ராயகடாவிலிருந்து முனிகுடா வரைக்கும் வரிசை மாறாமல் பாடுகிறார்களாம். பாடும்போது மனது என்னவோ செய்கிறது என்று ஒரு அக்கா போனில் சொன்னார். அது என்ன பாட்டு என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அதைத் தப்பான பாட்டு என்று சொல்லவும் எனக்கு மனது வரவில்லை.

ஜூனில் நாங்கள் மூன்று பேராக ரயில் ஏறினோம். வார்டன் அக்கா பிளாட்பாரத்தில் போனைக் காட்டி, "இந்தத் தடவ நான் பாத்துக்கிடுறேன்" என்றார். விஜயநகரம் தாண்டியதும் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இத்தனை வருஷம் பெயராக மட்டும் தெரிந்த ஊர்களை ஆசையாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். ராயகடாவில் டீ விற்கும் சத்தத்துக்கும் எழவில்லை. தேருபாலி போனது, பாலுமஸ்கா போனது, பிஸ்ஸம் கட்டக் போனது. கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

ரயில் வேகம் குறைந்தபோது, "முனிகுடா வந்துருச்சு" என்று எழுப்பினேன்.

"தெரியும்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

இறங்கி, குல்லாய்கள் உள்ள பெட்டியை இறக்கி, கடலை மூட்டையை இறக்கினோம். எங்களை விட்டுவிட்டு ரயில் அம்படோலாப் பக்கம் கிளம்பியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"இதுக்கப்புறந்தான் எனக்குத் தெரியாது" என்றாள். "நீ முன்னால போ."